டென்னிஸில் ஆடாத கேப்டன்: பால் ஹார்ஹவுஸின் பாதை வழியே ஓர் அறிமுகம்

நாடுகள் அணிகளாக மோதும் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் புதிதாகத் தெரியும். விம்பிள்டன் போன்ற வழக்கமான போட்டிகளில், இரண்டு கேம்களுக்கு ஒருமுறை பக்கம் மாறும் இடைவேளையில், ஆட்டக்காரர் தன் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போவார். டேவிஸ் கோப்பையிலோ அவருக்குப் பக்கத்திலேயே, ஆடுகளத்துக்கு உள்ளேயே, அணியின் சீருடையில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். குனிந்து ஏதோ சொல்கிறார், ஆட்டக்காரர் தலையசைக்கிறார் அல்லது கேளாதவர்போல் துண்டைப் போர்த்திக்கொள்கிறார். அந்த இன்னொருவர்தான் அணியின் கேப்டன். பெரும்பாலும் அவர் ராக்கெட்டைக் கையில் எடுப்பதே இல்லை என்பதால் அவரை ‘ஆடாத கேப்டன்’ என்று அழைக்கிறார்கள்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது சற்றுக் குழப்பமான பதவி. கிரிக்கெட்டில் கேப்டன் பதினொருவரில் ஒருவர். தானும் மட்டை பிடித்துக்கொண்டே பந்துவீச்சை மாற்றுகிறார், களத்தடுப்பை அமைக்கிறார். டென்னிஸ் கேப்டன் அப்படியல்ல. அவர் பயிற்சியாளரும் அல்லர், தேர்வாளர் மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது, மேலாளர் என்றால் அதுவும் போதாது; இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்த ஒரு வேலை அது. நம்மூருக்கும் இது அந்நியமான பதவி அல்ல. சென்னையைச் சேர்ந்த ஆனந்த் அமிர்தராஜ் 2017இல் மகேஷ் பூபதி பொறுப்பேற்கும் வரை சில ஆண்டுகள் இந்திய அணியின் நாற்காலியில் இருந்தவர்தான். இந்தக் கட்டுரை அந்த வேலை என்ன என்பதை நெதர்லாந்தின் முன்னாள் ஆட்டக்காரர் பால் ஹார்ஹவுஸின் வாழ்க்கையை வைத்து விளக்க முயல்கிறது. அவரைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. இரட்டையர் ஆட்டத்தில் உலகின் முதலிடத்தில் இருந்தவர் அவர். பின்னாளில் தன் நாட்டின் மகளிர் அணிக்கும் ஆடவர் அணிக்கும் கேப்டனாக இருந்தவர். ஒற்றையர் ஆட்டத்தின் பெரிய நட்சத்திரங்களைவிட இரட்டையர் ஆட்டக்காரர்கள் இந்த நாற்காலிக்கு இயல்பாகப் பொருந்துகிறார்கள் என்பது என் எண்ணம். அதற்கு அவரைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

முதலில், பயிற்சியாளருக்கும் கேப்டனுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொழில்முறை டென்னிஸில் பயிற்சியாளரை வேலைக்கு வைப்பவர் ஆட்டக்காரர். சம்பளம் கொடுப்பவரும் அவரே, பிடிக்கவில்லை என்றால் அனுப்பிவிடுபவரும் அவரே. ஆண்டின் பெரும்பகுதி இருவரும் ஊர் ஊராகச் சேர்ந்து பயணம் செய்கிறார்கள். சர்வ் போடும்போது பந்தை எவ்வளவு உயரம் எறிவது என்பது முதல் எந்தப் போட்டியைத் தவிர்ப்பது என்பது வரை பயிற்சியாளர் பார்த்துக்கொள்கிறார். கேப்டனை நியமிப்பதோ நாட்டின் டென்னிஸ் சங்கம். ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே அவருக்கு அணி கிடைக்கும். அந்தச் சில வாரங்களில் அவரிடம் வந்து சேர்பவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் சொந்தப் பயிற்சியாளரோடும், பழக்கங்களோடும், காயங்களோடும் வருகிறார்கள். பத்து மாதம் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுபவர்கள் ஒரு வாரம் ஒரே அணியில் இருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் யாருடைய பேக்ஹேண்டையும் கேப்டன் திருத்திவிட முடியாது. திருத்த முயன்றால் ஆட்டக்காரரின் பயிற்சியாளருக்குக் கோபம் வரும், அது நியாயமும்கூட.

அப்படியானால் அவர் செய்வது என்ன? யாரை அணியில் சேர்ப்பது, அவர்களில் யாரை ஒற்றையரில் இறக்குவது, இரட்டையருக்கு யாரோடு யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கிறார். பிறகு ஆட்டம் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த இரண்டாவது வேலை, டென்னிஸ் வரலாற்றில் நெடுங்காலம் வேறு யாருக்கும் கிடைக்காத உரிமையாக இருந்தது. ஆட்டத்தின் நடுவே வெளியிலிருந்து ஆலோசனை பெறுவது அப்போது பொதுவாக விதிமீறலாக இருந்தது. 2018 அமெரிக்க ஓப்பன் இறுதியில் செரீனா வில்லியம்ஸின் பயிற்சியாளர் பாட்ரிக் முரடோக்லு பார்வையாளர் பகுதியிலிருந்து கையால் சைகை காட்டினார் என்று நடுவர் கார்லோஸ் ராமோஸ் எச்சரிக்கை கொடுத்ததும், அதிலிருந்து தொடங்கிய தகராறும் பலருக்கு நினைவிருக்கும். மகளிர் சுற்றுப்போட்டிகளில் 2009 முதல் பயிற்சியாளரைக் களத்துக்கு அழைத்துப் பேச வரம்புக்கு உட்பட்ட அனுமதி இருந்தது. கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓப்பன்கள், விம்பிள்டன்) அதுவும் இல்லை. அந்த நாள்களிலும் டேவிஸ் கோப்பையில் கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தார். நாடுகளுக்கிடையிலான போட்டி என்பதால் கிடைத்த சலுகை அது.

டேவிஸ் கோப்பை 1900இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே பாஸ்டனில் தொடங்கியது. நெடுங்காலம் அதன் அமைப்பு இதுதான்: மூன்று நாள்கள், ஐந்து ஆட்டங்கள். முதல் நாள் இரண்டு ஒற்றையர், இரண்டாம் நாள் ஒரே ஒரு இரட்டையர், மூன்றாம் நாள் எதிராளிகளை மாற்றி மீண்டும் இரண்டு ஒற்றையர். மூன்று ஆட்டங்களை வெல்லும் நாடு மோதலை வெல்லும். முதல் நாள் முடிவில் ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலை இருந்தால் நடுநாளின் இரட்டையர் ஆட்டமே மோதலின் போக்கைத் தீர்மானித்துவிடும். 2019இல் இந்த அமைப்பு மாற்றப்பட்டது. இப்போது இறுதிச்சுற்றுகள் ஒரே ஊரில் நடக்கின்றன. அங்கே ஒரு மோதலுக்கு மூன்றே ஆட்டங்கள். முதலில் இரு நாடுகளின் இரண்டாம் நிலை ஒற்றையர் ஆட்டக்காரர்கள் மோதுவார்கள், அடுத்து முதல் நிலை ஆட்டக்காரர்கள், கடைசியில் இரட்டையர். ஐந்தில் ஒன்றாக இருந்த இரட்டையர் மூன்றில் ஒன்றாகிவிட்டது. சமநிலையில் நிற்கும் மோதலை முடித்துவைப்பதும் இப்போது அதுவே. பழைய அமைப்பை மாற்றியதைப் பலர் இன்னும் மன்னிக்கவில்லை. அவர்களுடைய வருத்தத்தில் பொருள் உண்டு. ஆனாலும் இரட்டையர் ஆட்டத்துக்குக் கூடுதல் மதிப்பு கிடைத்தது இந்த மாற்றத்தால்தான்.

இனி ஹார்ஹவுஸுக்கு வருவோம். 1966 பிப்ரவரியில் நெதர்லாந்தின் தெற்கிலுள்ள ஐந்தோவன் நகரில் பிறந்தவர். அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காகக் கல்லூரி டென்னிஸ் ஆடினார். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸைப் பற்றி ஒரு வார்த்தை: அங்கே ஆட்டம் அணிக்கு அணி நடக்கிறது, ஒற்றையரும் இரட்டையரும் சேர்த்து எண்ணப்படுகின்றன, பயிற்சியாளர் களத்தில் நின்று பேசலாம். டேவிஸ் கோப்பையின் சாயல் கொண்ட அந்தச் சூழலில் பழகியவர், பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தொழில்முறைக்கு வந்தவர்களைப்போல் அல்லாமல், சற்றுத் தாமதமாகவே உலகச் சுற்றுக்குள் நுழைந்தார்.

நுழைந்ததும் பெரிய தலைகளைச் சாய்த்தார். 1989 அமெரிக்க ஓப்பனில் அவர் தரவரிசையில் 115ஆம் இடத்தில் இருந்தார். முதன்மைச் சுற்றுக்கே தகுதிச் சுற்று ஆடித்தான் வர வேண்டியிருந்தது. அப்படி வந்தவர் இரண்டாம் சுற்றில் ஜான் மெக்கன்ரோவை நான்கு செட்களில், அவருடைய சொந்த ஊரிலேயே தோற்கடித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே போட்டியின் மூன்றாம் சுற்றில் போரிஸ் பெக்கரை நேர் செட்களில் வீழ்த்தினார். அந்த 1991 போட்டியில் காலிறுதி வரை சென்றதே கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் அவருடைய உச்சம். ஆனால் அந்தக் காலிறுதியை உலகம் வேறொருவருக்காக நினைவில் வைத்திருக்கிறது. எதிரே நின்றவர் ஜிம்மி கானர்ஸ்; 39 வயது, சிறப்பு அனுமதியில் ஆடுகிறார், இரவு நேரம், நியூயார்க் கூட்டம் முழுக்க அவர் பக்கம். முதல் செட்டை ஹார்ஹவுஸ் வென்றார். இரண்டாவது செட்டையும் முடிக்கும் நிலையில் சர்வ் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் புள்ளி வந்தது. ஹார்ஹவுஸ் வலைக்கு அருகே வந்து பந்தைத் தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிக்கிறார்; கானர்ஸ் பின்கோட்டுக்கு வெகு பின்னால் ஓடி அதை உயரத் தூக்கிவிடுகிறார். மீண்டும் ஸ்மாஷ், மீண்டும் லாப். இப்படி நான்கு முறை. நான்காவதுக்குப் பின் கானர்ஸ் முன்னேறி வந்து, பக்கக் கோட்டை ஒட்டி பேக்ஹேண்டால் பந்தைக் கடத்திவிட்டார். சர்வ் பறிபோனது, அந்த செட், ஆறுக்கு ஆறு என்ற சமநிலையைத் தீர்க்கும் டைபிரேக்கில் போனது, பிறகு ஆட்டமே போனது. அந்தப் புள்ளியின் பதிவை இன்றும் பார்க்கிறார்கள். ஹார்ஹவுஸ் அதில் தோற்பவராகவே நிரந்தரமாக நிற்கிறார்.

ஒற்றையரில் அவர் வென்ற சுற்றுப்போட்டிப் பட்டம் ஒன்றே ஒன்று, 1995இல் ஜகார்த்தாவில். அதே ஆண்டு தரவரிசையில் 18ஆம் இடம் வரை உயர்ந்தார். நல்ல ஒற்றையர் ஆட்டக்காரர். அதற்கு மேல் சொல்ல முடியாது. இரட்டையரில் அவர் வேறு மனிதர். அங்கே அவர் வென்ற பட்டங்கள் 54.

அந்த வேறுபாடு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள இரட்டையர் ஆட்டத்தின் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும். களத்தின் நீளம் இரண்டுக்கும் ஒன்றே, 23.77 மீட்டர். அகலம்தான் மாறுகிறது: ஒற்றையருக்கு 8.23 மீட்டர், இரட்டையருக்கு இரு ஓரங்களிலும் 1.37 மீட்டர் கூடி 10.97 மீட்டர். அகலம் கூடுவது மூன்றில் ஒரு பங்கு. ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையோ இரட்டிப்பு. ஆகவே ஒருவர் காக்க வேண்டிய இடம் குறைந்துவிடுகிறது, காலியிடம் கிடைப்பது அரிதாகிவிடுகிறது. பின்கோட்டில் நின்று பொறுமையாகப் பந்தை அடித்துக்கொண்டிருப்பதால் இங்கே பெரிய பயன் இல்லை. சர்வ், அதைத் திருப்பும் முதல் அடி, வலையருகே பந்து தரையில் படும்முன் அடிக்கும் வாலி ஆகியவற்றில் பெரும்பாலான புள்ளிகள் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன.

சில நொடிகளில் முடிவதால் யோசனை முழுவதும் புள்ளிக்கு முன்பே நடந்துவிட வேண்டும். ஒரு ஜோடி சர்வ் போடப் போவதைக் கூர்ந்து பாருங்கள். சர்வ் போடுபவர் பின்கோட்டில் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார். வலையருகே நிற்கும் கூட்டாளி அவருக்கு முதுகைக் காட்டியபடி, எதிராளிகளுக்குத் தெரியாமல், ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து விரல்களால் சைகை காட்டுவார். சர்வ் எந்தப் பக்கம் விழ வேண்டும், பந்து திரும்பி வரும்போது தான் குறுக்கே பாய்ந்து அடிக்கப் போகிறாரா, இருந்த இடத்திலேயே நிற்கப் போகிறாரா என்பதெல்லாம் அந்த விரல்களில் இருக்கும். பாயப் போவதாகச் சொல்லிவிட்டு நின்றுவிட்டால் பாதிக் களம் திறந்து கிடக்கும். பாய்ந்து தவறவிட்டால் கூட்டாளி முகம் சுளிக்கக் கூடாது. ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே இருவரும் கூடிப் பேசுகிறார்கள். பேசியதில் பாதி உத்தி, மீதி ஒருவரையொருவர் தேற்றுவது. கணவன் மனைவி சண்டை சமையலறையோடு முடிவதைப்போல இங்கே மனத்தாங்கல்களும் களத்தோடு முடிந்தால்தான் ஜோடி நிலைக்கும்.

ஹார்ஹவுஸின் ஜோடி யாக்கோ எல்டிங், அவரைவிட நான்கு வயது இளையவர். இருவரும் சேர்ந்து 39 பட்டங்கள் வென்றார்கள். 1994இல் ஆஸ்திரேலிய ஓப்பனும் அமெரிக்க ஓப்பனும், 1995இல் பிரெஞ்சு ஓப்பனும் கைக்கு வந்தன. எஞ்சியிருந்தது விம்பிள்டன். அந்தக் காலத்தில் விம்பிள்டன் இரட்டையர் என்றால் ஆஸ்திரேலியாவின் டாட் உட்பிரிட்ஜ், மார்க் உட்ஃபோர்ட் ஜோடியின் சொத்து. 1993 முதல் 1997 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றிருந்தார்கள். இந்த ஆஸ்திரேலியர்கள் டச்சு ஜோடிக்கு நெடுநாள் கணக்கு பாக்கி வைத்திருந்தவர்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அரையிறுதியில் கடைசி செட்டை 18-16 என்று இழுத்து வென்றார்கள். அதன் பிறகு நடந்த வெண்கலப் பதக்க ஆட்டத்திலும் ஹார்ஹவுஸும் எல்டிங்கும் ஜெர்மானியர்களிடம் தோற்று நான்காவதாக முடிந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து சிட்னியில், யெங் ஷால்கனுடன் சேர்ந்து ஆடியும், ஹார்ஹவுஸுக்கு மீண்டும் நான்காம் இடமே வாய்த்தது.

1998இல் கணக்கு தீர்ந்தது. அந்த ஆண்டு பிரெஞ்சு ஓப்பனை இரண்டாவது முறையாக வென்ற கையோடு விம்பிள்டன் இறுதிக்கு வந்தார்கள். எதிரே அதே ஆஸ்திரேலியர்கள். ஐந்து செட்கள், கடைசி செட் 10-8. அந்த வெற்றியோடு நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் ஒரே ஜோடியாக வென்ற வெகு சிலரில் அவர்களும் சேர்ந்தார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் எல்டிங் ஓய்வு பெற்றுவிட்டார். 32 வயதில் ஹார்ஹவுஸ் புதிய கூட்டாளிகளைத் தேட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அமெரிக்கர் ஜாரெட் பால்மருடன் மீண்டும் விம்பிள்டன் இறுதிக்கு வந்தார். அந்த இறுதி இந்தியர்களுக்கு மறக்காத ஒன்று: முதல் செட்டை டைபிரேக்கில் இழந்த லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் அடுத்த மூன்றையும் வென்று கோப்பையைத் தூக்கியது அன்றுதான். வலையின் மறுபுறம் அன்று நின்றவர்களில் ஒருவர் ஹார்ஹவுஸ். 2002இல், 36 வயதில், ரஷ்யாவின் யெவ்கெனி காஃபெல்னிகோவுடன் சேர்ந்து இன்னொரு பிரெஞ்சு ஓப்பனையும் வென்றார்.

இந்தப் பட்டியலில் பட்டங்களைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எல்டிங்குடன் பல ஆண்டுகள், பிறகு பால்மர், ஷால்கன், காஃபெல்னிகோவ் என்று குணமும் ஆட்டப்பாணியும் வேறுபட்ட கூட்டாளிகளோடு அவர் உயர்மட்டத்தில் ஆடியிருக்கிறார். குறுகிய காலத்தில் ஒருவரைப் படித்து, அவருக்கு எது பலம், அழுத்தத்தில் எது முதலில் உடையும், என்ன சொன்னால் எரிச்சல் வரும் என்று அறிந்துகொள்வது அவருடைய அன்றாடத் தொழிலாகவே இருந்தது. கேப்டனின் வேலையும் இதுவேதான்; களத்தில் நிற்பதற்குப் பதில் நாற்காலியில் உட்கார்கிறார், அவ்வளவே. தனியாகவே ஆடி, தன் தீர்மானங்களைத் தனக்குள்ளேயே எடுத்துப் பழகிய ஒற்றையர் மேதைகள் கேப்டனாகும்போது, தங்களுக்குத் தானாக வந்தது மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்று திகைப்பதுண்டு. எல்லோருக்கும் இது பொருந்தாது. ஒற்றையரில் சாதித்த நல்ல கேப்டன்கள் பலர் இருக்கிறார்கள். ஆயினும் பேசிப் பழகிய வாய்க்கு இந்த வேலை எளிது என்பதை மறுக்க முடியாது.

நாற்காலியில் ஹார்ஹவுஸ் முதலில் கவனம் பெற்றது மகளிர் அணியோடு. மகளிருக்கான நாடுகளின் போட்டி அப்போது ஃபெட் கோப்பை என்ற பெயரில் நடந்தது. 2020 முதல் அதற்கு பில்லி ஜீன் கிங் கோப்பை என்று பெயர். 2016இல் நெதர்லாந்து அணியில் உலகின் முன்னணியில் இருந்தவர்கள் யாரும் இல்லை. கிகி பெர்டென்ஸ் முதல் பத்து இடங்களுக்குள் வருவதற்கு இன்னும் காலம் இருந்தது. அந்த அணி பிப்ரவரியில் மாஸ்கோ சென்று ரஷ்யாவைத் தோற்கடித்தது. முதல் நாள் ரிச்செல் ஹோகன்காம்ப், இரண்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்ற ஸ்வெட்லானா குஸ்னெட்சோவாவை 7-6, 5-7, 10-8 என்று வென்றார். ஆட்டம் நான்கு மணி நேரம் நீடித்தது. நான்கு மணி நேரத்துக்கும் பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருந்து, ஒவ்வொரு இடைவேளையிலும் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும், அதே சமயம் அதிகம் சொல்லியும் விடக்கூடாது என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த வேலையின் களைப்பு புரியும். ஏப்ரலில் பிரான்ஸுக்கு எதிரான அரையிறுதி ட்ரெலாசே என்ற ஊரில் நடந்தது. பெர்டென்ஸ் தன் இரண்டு ஒற்றையர்களையும் வென்றார். இரண்டுக்கு இரண்டு என்று மோதல் கடைசி இரட்டையருக்கு வந்தது. கேப்டனிடம் சிறப்பு இரட்டையர் ஜோடி இல்லை; ஏற்கெனவே ஆடிய பெர்டென்ஸையும் ஹோகன்காம்பையும் இறக்கினார். எதிரே அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஜோடிகளில் ஒன்றான கரோலின் கார்சியாவும் கிறிஸ்டினா மிலாடெனோவிச்சும். முதல் செட்டை வென்ற டச்சுப் பெண்கள் அடுத்த இரண்டையும் இழந்தார்கள். கேப்டன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கையில் இருக்கும் சீட்டுகளை வைத்துத்தான் ஆட வேண்டும்.

ஆடவர் அணியில் அவருக்குக் கிடைத்தவர்களும் பெரும் நட்சத்திரங்கள் அல்லர். டச்சு ஆடவர் டென்னிஸின் பொற்காலம் அவருடைய சொந்தத் தலைமுறைதான். ரிச்சர்ட் க்ரயிச்செக் 1996இல் விம்பிள்டன் ஒற்றையர் பட்டமே வென்றார். அப்படியும் நெதர்லாந்து டேவிஸ் கோப்பையில் 2001இல் எட்டிய அரையிறுதியை 2024 வரை தாண்டியதில்லை. ஹார்ஹவுஸின் அணியில் இருந்தவர்கள் டாலன் க்ரீக்ஸ்போர், பொடிக் வான் டே சாண்ட்ஸ்கல்ப், இரட்டையர் வல்லுநர் வெஸ்லி கூல்ஹோஃப் போன்றவர்கள். 2022இல் காலிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றார்கள். 2023 காலிறுதியில் இத்தாலியோடு ஒன்றுக்கு ஒன்று என்று வந்து, இரட்டையரில் க்ரீக்ஸ்போரும் கூல்ஹோஃபும் யானிக் சின்னர், லொரென்சோ சொனேகோ ஜோடியிடம் விழுந்தார்கள்.

2024 நவம்பரில் ஸ்பெயினின் மலாகா நகரில் நடந்த காலிறுதி, கேப்டன் என்பவர் என்ன செய்கிறார் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் வைக்கத்தக்க மோதல். எதிரணி ஸ்பெயின், சொந்த மண். ரஃபேல் நடால் இந்தப் போட்டியோடு விடைபெறுவதாக அறிவித்திருந்தார். ஸ்பெயினின் கேப்டன் டேவிட் ஃபெரர் முன் ஒரு கடினமான கேள்வி இருந்தது: காயங்களால் அந்த ஆண்டு மிகக் குறைவாகவே ஆடியிருந்த நடாலை ஒற்றையரில் இறக்குவதா, ஆட்டப் பழக்கத்தில் இருந்த ராபெர்ட்டோ பாட்டிஸ்டா அகூட் போன்ற ஒருவரை இறக்குவதா? ஃபெரர் நடாலைத் தேர்ந்தார். ஹார்ஹவுஸ் தன் இரண்டாம் நிலை ஆட்டக்காரராக வான் டே சாண்ட்ஸ்கல்பை நிறுத்தினார். இவர் தரவரிசையில் 80ஆம் இடத்தில் இருந்தார். அதே ஆண்டு கோடையில் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று வெளிப்படையாகப் பேசியவர், சில மாதங்களில் அமெரிக்க ஓப்பனில் கார்லோஸ் அல்கராஸை நேர் செட்களில் வீழ்த்தியவரும் அவரே. எந்த நாளில் எந்த மனிதர் வருவார் என்று சொல்ல முடியாத ஆட்டக்காரர். அவர் நடாலை 6-4, 6-4 என்று வென்றார். நடாலின் வாழ்க்கையின் கடைசி ஆட்டம் அதுவே ஆனது.

அடுத்து அல்கராஸ் க்ரீக்ஸ்போரை வென்று மோதலைச் சமமாக்கினார். இப்போது இரட்டையர். ஸ்பெயின் அல்கராஸையும் இரட்டையர் வல்லுநர் மார்செல் கிரனோயர்ஸையும் இறக்கியது. டச்சு அணியில் கூல்ஹோஃபின் இடம் உறுதி. முந்தைய ஆண்டு விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்றவர், இந்தப் போட்டியோடு ஓய்வு பெறவும் இருந்தார். அவருக்குத் துணையாக யார் என்பதே கேள்வி. 2023இல் துணையாக நின்ற க்ரீக்ஸ்போர் தரவரிசையில் அணியின் முதல்வர், ஆனால் சற்றுமுன் தோற்று வந்திருக்கிறார். வான் டே சாண்ட்ஸ்கல்ப் அன்றே பெரிய ஆட்டம் ஒன்றை வென்றிருக்கிறார், அதே சமயம் உடலும் மனமும் அதிலேயே செலவாகியும் இருக்கலாம். அவரே இறங்கினார். இரண்டு செட்களும் டைபிரேக்குக்குப் போயின, இரண்டையும் டச்சு ஜோடி வென்றது. டைபிரேக் என்பது ஏழு புள்ளிகளை நோக்கிய குறுகிய ஓட்டம். அங்கே ஆற்றலின் வேறுபாடு சுருங்கிப்போகிறது, ஒன்றிரண்டு சரியான முன்யோசனைகள் முடிவைத் தீர்த்துவிடுகின்றன. இரட்டையர் மனிதர் ஒருவர் பக்கத்தில் இருப்பதன் பயன் அங்கேதான் கூடுதல். வெற்றியை கேப்டன் கணக்கில் எழுதுவது மிகை. பந்தை அடித்தவர்கள் அவர்கள் இருவரும். ஆனால் யார் அடிப்பது என்பதை முடிவுசெய்தவர் அவர்.

அரையிறுதியில் ஜெர்மனியை இரண்டு ஒற்றையர்களிலும் வென்று நெதர்லாந்து வரலாற்றில் முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குச் சென்றது. எதிரே மீண்டும் இத்தாலி. மத்தேயோ பெரெட்டினி வான் டே சாண்ட்ஸ்கல்பை 6-4, 6-2 என்று வென்றார். உலக முதல்வர் சின்னரோடு க்ரீக்ஸ்போர் முதல் செட்டை டைபிரேக் வரை இழுத்து, 7-6, 6-2 என்று தோற்றார். கூல்ஹோஃப் தயாராக இருந்தும் இரட்டையருக்கு வேலையே வரவில்லை. புதிய அமைப்பில் கேப்டனுக்குள்ள பெரிய எல்லை இதுதான். பழைய ஐந்து ஆட்ட அமைப்பில் ஒரு நாள் தோற்றாலும் மறுநாள் இரட்டையரில் திரும்பி வர இடம் இருந்தது. இப்போது இரண்டு ஒற்றையர்களும் போனால், எவ்வளவு நல்ல ஜோடியைச் சேர்த்து வைத்திருந்தாலும் பயனில்லை. ஒற்றையரில் யார் யாரோடு மோதுவது என்பதிலும் அவருக்குச் சுதந்திரம் குறைவு. இருவரைத் தேர்ந்தெடுக்கலாம், அவர்களில் முதல் நிலை யார் என்பதைத் தரவரிசையே தீர்மானிக்கும்.

கேப்டனின் தனியுரிமையும் இப்போது முன்போல் இல்லை. ஆடவர் சுற்றுப்போட்டிகளில் 2022இல் சோதனையாகத் தொடங்கிய மாற்றம், 2025 ஜனவரி முதல் விதிப்புத்தகத்திலேயே இடம்பிடித்துவிட்டது: களத்துக்கு வெளியே இருந்தபடி புள்ளிகளுக்கு இடையே பயிற்சியாளர் ஆலோசனை சொல்லலாம். அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய ஓப்பனில் பயிற்சியாளர்களுக்காகக் களத்தின் ஓரத்திலேயே தனி இருக்கைகள் அமைத்திருந்தார்கள். ஆக, செரீனா தண்டிக்கப்பட்ட செயல் இன்று அனுமதிக்கப்பட்ட ஒன்று. எனினும் பயிற்சியாளர் தடுப்புக்கு அப்பால் இருந்து ஒன்றிரண்டு சொற்களை எறிய முடியும், அவ்வளவுதான். பக்கம் மாறும் இடைவேளை முழுவதும் ஆட்டக்காரரின் அருகில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசும் வாய்ப்பு நாடுகளின் போட்டிகளில் கேப்டனுக்கு இன்றும் இருக்கிறது. அடுத்த ஆட்டத்துக்கு யாரை அனுப்புவது என்ற அதிகாரமோ எந்தப் பயிற்சியாளருக்கும் கிடையாது.